கடற்கரைக் கூடாரத்தில் எடுத்த படம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் மூன்று குடும்பமும் சேர்ந்து அத்தையின் தென்னந்தோப்பில் கூடாரம் போடுவோம். தேங்காப்பட்டணம் தாண்டி நீரோடி போகிற வழியில், கடலுக்கும் ஏவிஎம் கால்வாய்க்கும் நடுவே இருக்கிற தோப்பு அது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் கேரளம். பொழியூர், பூவார் என்று ஊர்ப்பெயர்தான் மாறும், காற்றும் உப்பும் ஒன்றுதான். இரண்டு ராத்திரி, மூன்று பகல். வீடு திரும்பிப் பார்த்தால் ஆயிரம் படம் இருக்கும், அதில் பாதி கெட்டுப்போயிருக்கும். பிள்ளைகள் அடுத்த வருஷம் ஒரு சாண் வளர்ந்துவிடுவார்கள், அந்த வயதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் படம் கெடுவதை அங்கேயே, கரையிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படம் சரியில்லை என்றதும் எல்லோரும் முதலில் செட்டிங்கைத்தான் நோண்டுகிறார்கள். நான் அதைக் கடைசிக்கு வைத்துவிட்டேன். முதலில் லென்ஸ் கண்ணாடியைப் பாருங்கள். அடுத்தது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டிலும் தீராவிட்டால்தான் செட்டிங். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான் போகும். போனுக்கும் கேமராவுக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

படம் முழுக்கப் புகை மூட்டம் போல வெளுத்திருக்கிறது

கடற்கரையில் அதிகம் வரும் கோளாறு இதுதான். காரணம் இரண்டில் ஒன்று. எது என்று கண்டுபிடிப்பது எளிது.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் எடுத்த படமா? அப்படியானால் அது நீராவி. குளிர்ந்த கண்ணாடிமேல் கடற்கரையின் ஈரக்காற்று பட்டு வேர்த்துவிடுகிறது. துடைத்தால் அடுத்த நிமிடமே மறுபடி படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிராகத்தான் இருக்கிறது. துடைக்காமல் காத்திருப்பதே வழி. இன்னும் நல்லது, காரில் இருக்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். இறங்கிய பிறகு 20, 30 நிமிடம் கழித்துப் பையைத் திறந்தால் போதும், ஈரம் பைக்கு வெளியிலேயே நின்றுவிடும். நாங்கள் மார்த்தாண்டம் தாண்டியதுமே ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுவோம். கரைக்குப் போய்ச் சேரும்போது கேமராவும் வெளிச்சூட்டுக்குப் பழகியிருக்கும்.

காலையில் நன்றாக வந்த படம் மதியத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறதா? விளக்கைப் பார்த்து எடுத்தால் சுற்றி ஒளிவட்டம் பரவுகிறதா? அது உப்பு. அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய திவலை காற்றில் வந்து கண்ணாடியில் ஒட்டி, தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய பால் படலம் தெரியும்.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. சட்டை நுனியால் அழுத்தித் துடைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடல் மணலில் இல்மனைட், மோனசைட், ஜிர்க்கான், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கிறது. அதை எடுப்பதற்கென்றே அங்கே மத்திய அரசின் மணல் ஆலை இருக்கிறது. ஜிர்க்கானும் கார்னெட்டும் சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினமானவை. ஒரு பொடி மணல் துணிக்கு அடியில் மாட்டினாலும் கீறல் விழும், விழுந்த கீறல் போகாது.

சரியான முறை இது. முதலில் லென்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரப்பர் ஊதியால் காற்று அடித்து மணலை விழவைக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்புறம் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியின் ஒரு மூலையைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் வட்டமாக ஒற்றி எடுக்க வேண்டும். உப்பு தண்ணீரில்தான் கரையும், உலர்ந்த துணியால் தேய்த்தால் பரவத்தான் செய்யும். கடைசியாகத் துணியின் உலர்ந்த பக்கத்தால் ஒரு முறை. நாங்கள் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை இதைச் செய்கிறோம்.

முகமெல்லாம் கறுப்பு, பின்னால் கடல் மட்டும் பளபளப்பு

"எல்லாருக்க மூஞ்சியும் கறுத்துல்லா கெடக்கு!" என்று அத்தை சொல்லாத வருஷம் கிடையாது. சாயங்காலம் கடலைப் பின்னால் வைத்துக் குடும்பத்தையே நிறுத்தினால் இப்படித்தான் வரும். சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கேமரா அந்தப் பிரகாசத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, முகம் இருண்டுவிடுகிறது.

எங்கள் கரைக்கு ஒரு குணம் உண்டு. இது தென்மேற்கைப் பார்த்த கரை. காலையில் சூரியன் நிலத்துப் பக்கம், தென்னைகளுக்கு மேலே எழும்பும். அப்போது கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்கள் முகத்தில் வெயில் விழும், பின்னால் கடலும் நல்ல நீலமாகத் தெரியும். ஆகவே கடல் பின்னணியில் குடும்பப் படம் வேண்டுமென்றால் காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் எடுத்துவிடுங்கள். எந்தச் செட்டிங்கும் தேவைப்படாது. இத்தனை வருஷம் நாங்கள் சாயங்காலமே எடுத்து ஏமாந்துகொண்டிருந்தோம். கட்டன் சாயா குடிக்கும் முன்பே எல்லோரையும் எழுப்பி நிறுத்திய வருஷத்தில்தான் முதல்முறையாக அத்தையின் மூக்குத்தி மின்னுவதுகூடப் படத்தில் விழுந்தது.

சாயங்காலமே வேண்டும் என்றால் மூன்று வழி இருக்கிறது. போனில் முகத்தின்மேல் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். முகம் தெளியும், வானம் கொஞ்சம் வெளுக்கும். இரண்டாவது, பகலாக இருந்தாலும் ஃபிளாஷைப் போடுங்கள். போன் ஃபிளாஷ் ஓரிரு மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான் உதவும். மூன்றாவது எனக்குப் பிடித்தது. ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்து, சூரியனைப் பார்த்தபடி முகங்களுக்கு முன்னால் சாய்த்தால், அந்த வெளிச்சம் திரும்பி வந்து முகத்தில் விழும். சாயங்கால வெயில் பட்ட வேட்டி மஞ்சள் பூசியது போன்ற ஒளியைத் தரும்.

உச்சிவெயிலில் கண்குழி கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழுந்தால் தோப்பின் விளிம்புக்கு வாருங்கள். நிழலுக்குள் நின்று திறந்த வெளியைப் பார்த்து நிற்க வேண்டும். ஓலை இடுக்கு வழியாக விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல் சாம்பலாக, அல்லது ஆட்கள் வெளிறிப்போய்

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். வெளுத்த மணலும் நுரையும் படத்தை நிறைத்தால் அழுக்காக்கிக் காட்டும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பிளஸ் பக்கம் ஒரு புள்ளி தள்ளுங்கள். கறுமணல் கிடக்கும் இடத்தில் நேர்மாறு. மணலைச் சாம்பலாக்கப் பார்க்கும்போது மேலே நிற்கும் பிள்ளை வெளிறிவிடும், அங்கே மைனஸ் பக்கம் தள்ள வேண்டும்.

கண்ணில் பார்த்த சிவப்பு படத்தில் இல்லை

அந்தி வானம் தானியங்கி ஒயிட் பேலன்ஸால், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமரா தானாக நிறத்தைத் திருத்துவதால், கெடுகிறது. சிவப்பு அதிகமாக இருப்பதைக் குறை என்று எண்ணி, கேமரா அதில் நீலத்தைக் கலந்து சரிசெய்துவிடும். ஒயிட் பேலன்ஸை வெயில் அல்லது மேகம் என்ற குறிக்கு மாற்றி வையுங்கள். எக்ஸ்போஷரையும் சற்றுக் குறையுங்கள், நிறம் கெட்டியாகும்.

நேரம் மிகக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 8 பாகையில் இருக்கிறது, சூரியன் சாய்ந்து போகாமல் ஏறக்குறைய நேராக இறங்கும். தட்டு கடலைத் தொட்டால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான், மறைந்துவிடும். ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். மறைந்த பிறகு வரும் கால் மணி நேரத்தில்தான் பல நாள் வானம் பற்றிக்கொள்ளும். மார்கழியில் சூரியன் கடலுக்கு மேலேயே இறங்கும். ஆனியில் போனால் வடமேற்கே கரையை ஒட்டிச் சாயும், தென்னையோ பாறையோ மறைக்கலாம். விடுமுறை மாதத்தைப் பொறுத்து நிற்கும் இடத்தை முந்திய நாளே பார்த்து வைப்பது நல்லது.

கூடாரத்துக்குள் எல்லோரும் நீலமாக இருக்கிறார்கள்

கூடாரத் துணி நீலமென்றால் உள்ளே வரும் வெளிச்சமும் நீலம்தான். பின்னால் எடிட் செய்தாலும் தோலின் நிறம் முழுசாகத் திரும்பாது, ஏனென்றால் சிவப்பு வெளிச்சமே உள்ளே அதிகம் வரவில்லை. வாசல் ஜிப்பை முழுக்கத் திறந்து, முகத்தை வாசல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தோப்பின் நடுவில் முகம் பச்சையடிப்பதும் இதே கதைதான், விளிம்புக்கு வந்தால் சரியாகும். புதிதாகக் கூடாரம் வாங்குபவர்கள் வெள்ளையோ மணல் நிறமோ பார்த்து வாங்குங்கள். வாங்கியதைக் கட்டும்போது தேங்காய்க் குலைக்கு நேர்கீழே கட்டாதீர்கள், படத்தைவிட அது முக்கியம்.

ஓடுகிற பிள்ளை கலங்கித் தெரிகிறது

பின்னணி தெளிவாக, பிள்ளை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) திறந்து மூடும் வேகம் போதவில்லை. அலையோடு விளையாடும் பிள்ளைகளுக்கு 500-ல் ஒரு பங்கு நொடி குறைந்தது வேண்டும், தண்ணீர்த் துளி தனித்தனியாக நிற்க 1000-ல் ஒரு பங்கு. பகலில் இது எளிது. போனில் பர்ஸ்ட் முறையில் அழுத்திப் பிடித்து எடுத்து நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டி மடக்கிப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறங்கி எடுத்தால் அலையும் உயரமாகத் தெரியும்.

படமே மொத்தமாகக் கலங்கியிருந்தால் அது பிள்ளையின் ஓட்டமல்ல, உங்கள் கை.

ராத்திரிப் படங்கள்

இருட்டில் ஃபிளாஷ் போட்டதும் காற்றில் வெள்ளை உருண்டைகள் மிதப்பது போல வந்தால், சிலர் பயந்துவிடுகிறார்கள். கடல் திவலையும் தூசியும் பூச்சியும் லென்ஸுக்குப் பக்கத்தில் பறந்து, ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கின்றன, அவ்வளவுதான். ஃபிளாஷை அணைத்து, லாந்தரையோ டார்ச்சையோ ஒரு பக்கமாக வையுங்கள். டார்ச்சின்மேல் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தால் ஒளி பரவி முகத்தில் மெதுவாக விழும்.

தோப்பு வீட்டிலிருந்து வயர் இழுத்துப் போட்ட எல்இடி பல்பின் கீழ் எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடினால் காரணம் மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்ப் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்குக்கு வைத்தால் பட்டை போய்விடும். வீடியோவில் ஃபிளிக்கர் என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். பேட்டரி விளக்கில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

நைட் மோடில் படம் கலங்கினால் போனைக் கையில் பிடிக்காதீர்கள். தேங்காய் ஒன்றில் சாய்த்து வைத்து 3 நொடி டைமர் போடுங்கள். நட்சத்திரம் கோடாக இழுபட்டால் திறந்து வைத்த நேரம் அதிகம். 24 எம்எம் லென்ஸில் 20 நொடிக்கு மேல் போகக் கூடாது. சித்திரை, வைகாசியில் போகிறவர்கள் ராத்திரி தெற்கே கடலுக்கு மேலே பாருங்கள், திரிசங்கு என்று சொல்லும் நாலு நட்சத்திரச் சிலுவை நிற்கும். வடநாட்டில் அதைத் தாழ்வாகத்தான் பார்க்க முடியும், கன்னியாகுமரியில் நன்றாகவே எழும்பி நிற்கும்.

அடிவானம் சாய்ந்திருக்கிறது

திரையில் வரும் கட்டக் கோடுகளை (கிரிட்) இயக்கி, கடல் கோட்டை அதோடு சேர்த்துப் பிடியுங்கள். சாயாமல் வளைந்திருந்தால் அது அகன்ற லென்ஸின் வேலை, கோட்டை நடுப்பக்கம் கொண்டுவந்தால் வளைவு குறையும்.

லென்ஸைத் திருகினால் கரகர என்கிறது

நிறுத்துங்கள். இன்னொரு முறை திருகிப் பார்ப்போம் என்று தோன்றும், வேண்டாம். மணல் பல்சக்கரத்துக்குள் போய்விட்டது, ஒவ்வொரு திருகும் அதை உள்ளே தள்ளும். கேமராவை அணைத்து, லென்ஸைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து ஊதியால் அடியுங்கள், வளையங்களின் இடுக்கை மென்மையான பிரஷால் தட்டுங்கள். சத்தம் போகவில்லையென்றால் மீதி நாளுக்குப் போனில் எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போய்ப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதுதான் புத்தி. கரையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். எங்கள் பழைய லென்ஸ் ஒன்று கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கிற இடத்தில் ஈர மணலில் ஒரே நொடி உட்கார்ந்ததால் கெட்டது.

போனில் ஒலி அமுங்கிக் கேட்டால் ஸ்பீக்கர் ஓட்டையைப் பாருங்கள். கறுமணலில் இரும்பு கலந்த துகள் உண்டு, ஸ்பீக்கர் காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புது டூத் பிரஷால் மெதுவாகத் தட்டி, ஒட்டும் டேப்பை மேலே ஒற்றி எடுத்தால் வந்துவிடும். ஊசி விடாதீர்கள்.

போன் கடலில் விழுந்துவிட்டது

அத்தானின் போன் முழங்கால் தண்ணீரில் விழுந்தது. எடுத்ததும் அவர் செய்தது பவர் பட்டனை அழுத்திப் பார்த்தது. மைனி (அண்ணி) ஓடிப்போய் அரிசி மூட்டையில் புதைத்தார். இரண்டுமே தவறு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பழுது பார்ப்பவர் திறந்து காட்டியபோது சார்ஜ் துளையில் அரிசித் தவிடு பிசினாக ஒட்டியிருந்தது, உள்ளே இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் உப்புத் தண்ணீர் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று புரிந்தது.

போனில் தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி 68 என்று போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, கடல்நீரில் அல்ல. அதனால் விழுந்தால் இப்படிச் செய்யுங்கள். உடனே அணையுங்கள். உறை, சிம் தட்டு எதையும் திறக்கும் முன், தண்ணீர் தாங்கும் போன் என்றால் மட்டும், குடிதண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள். துடைத்து, சார்ஜ் துளை கீழே வரும்படி நிறுத்தி, நிழலில் காற்றோட்டத்தில் ஒரு நாள் விடுங்கள். காயும்வரை சார்ஜர் வேண்டாம். தண்ணீர் தாங்காத போனை ஊற்றிக் கழுவாமல் துடைத்துவிட்டுச் சீக்கிரம் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேமரா விழுந்தால் பேட்டரியை முதலில் கழற்றுங்கள், அப்புறம் மெமரி கார்டு. கேமரா பிழைப்பது அரிது. ஆனால் கார்டு பெரும்பாலும் பிழைக்கும். நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து அப்புறம் கம்ப்யூட்டரில் போடுங்கள். மூன்று நாள் படமும் அதில்தானே இருக்கிறது.

சூடு என்று சொல்லிக் கேமரா மூடிக்கொள்கிறது

உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள். மீன் வைத்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் முதல் அறிகுறியில் சொன்ன நீராவி போனுக்கு உள்ளேயே வேர்க்கும். சார்ஜ் போடும்போது ஈரம் என்று எச்சரித்தால், துளையைக் கீழே பார்த்து உள்ளங்கையில் தட்டி அரை மணி நேரம் காத்திருங்கள்.

முக்காலி மெல்ல மெல்லப் புதைகிறது

அலை வந்து போகும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போகிறது, அதனால் முக்காலி சாய்கிறது. காலுக்கு அடியில் தேங்காய் மட்டை வைத்து மேட்டுக்கு ஏற்றுங்கள். இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கரையில் கடலின் அன்றாட ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயற்காற்றின் அலை, நாட்கள் கடந்து இங்கே வந்து சேரும். இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றே இருக்காது, கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள், கரையில் வலை காயப்போடும் அண்ணன்மாரிடமும் கேளுங்கள். அவர்கள் வள்ளத்தை மேலே ஏற்றி வைத்திருந்தால் நீங்களும் கூடாரத்தைக் கால்வாய்ப் பக்கம் தள்ளுங்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களைப் படமெடுக்கும்போது, எடுப்பவர் ஒருவர் தவிர அலையைப் பார்த்தபடி இன்னொருவர் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம்.

இடம் நிரம்பிவிட்டது

4கே வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170-லிருந்து 400 எம்பி வரை தின்னும். சின்ன வீடியோக்களுக்கு 1080 போதும். வாட்ஸாப்பில் அனுப்பினால் மங்குகிறது என்பவர்கள், படமாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். ராத்திரி தூங்கும் முன் அன்றைய படங்களை இன்னொரு கார்டிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்து, அதை வேறு ஒருவர் பையில் வையுங்கள்.

எல்லாப் படமும் நன்றாக இருக்கிறது, அம்மா எதிலும் இல்லை

ஒரு வருஷம் 900 படம் எடுத்தோம். திரும்பி வந்து எண்ணினேன், அம்மா நான்கில் இருந்தார், அதில் இரண்டில் முதுகுதான். மீதி நேரமெல்லாம் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வேகவைத்துக்கொண்டோ, நெத்திலியைக் கிள்ளிக்கொண்டோ, பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டோ இருந்திருக்கிறார். இதை லென்ஸாலோ செட்டிங்காலோ சரிசெய்ய முடியாது. கூப்பிட்டு நிறுத்தினாலும் "எனக்கு எதுக்கு மக்கா, பிள்ளியள எடு" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி நகர்ந்துவிடுவார்.

நிற்கச் சொல்லாதீர்கள், அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். அடுப்புக்கு எதிர்ப்பக்கம், காலை வெயில் உங்கள் முதுகில் படும்படி உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்து எடுங்கள். நெத்திலியின் தலையைக் கட்டைவிரல் நகத்தால் ஒரே திருகாகக் கிள்ளி எறிவார், செதில் வெள்ளித் தூளாக விரலில் ஒட்டியிருக்கும், புகை வந்தால் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். 200-ல் ஒரு பங்கு நொடி போதும். முகத்தில் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கும்வரை கேமராவை இறக்காமல் காத்திருங்கள்.